இந்தியா ஏன் உடையவில்லை?

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

விடுதலை பெற்ற இந்தியா நெடுங்காலம் நீடிக்காது என்று கணித்தவர்கள் பலர். 1960-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பத்திரிகையாளர் செலிக் ஹாரிசன் எழுதிய நூல், மொழியாலும் சாதியாலும் பிளவுண்ட இந்தியா மிக ஆபத்தான பத்தாண்டுகளை எதிர்கொள்கிறது என்று எச்சரித்தது. 1967-இல் லண்டன் ‘டைம்ஸ்’ நாளேட்டின் டெல்லிச் செய்தியாளர் நெவில் மாக்ஸ்வெல் இன்னும் ஒரு படி மேலே சென்றார். அவ்வாண்டு நடைபெறவிருந்த நான்காவது பொதுத்தேர்தலே அநேகமாக இந்தியாவின் கடைசித் தேர்தலாக இருக்கும் என்று எழுதினார். அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. தேர்தல்கள் நடந்துகொண்டே இருக்கின்றன. நாடும் இருக்கிறது.

இது எப்படி நிகழ்ந்தது என்ற கேள்விக்கு மூன்று பதில்கள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. வலிமையான ராணுவமும் வலிமையான மத்திய அரசும் நாட்டைக் காத்தன என்பது ஒன்று. ஆயிரமாயிரம் ஆண்டுப் பண்பாடு எல்லோரையும் பிணைத்துவைத்திருக்கிறது என்பது இன்னொன்று. தொலைநோக்குடைய தலைவர்கள் நாட்டை வழிநடத்தினார்கள் என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மையின் துணுக்குகள் உண்டு. ஆனால் மூன்றும் ஒரு தரப்பை விட்டுவிடுகின்றன. அந்தத் தரப்பு மக்கள். வரலாற்றை நெருங்கிப் பார்த்தால், இந்திய ஒற்றுமை எங்கெல்லாம் உறுதிப்பட்டதோ அங்கெல்லாம் மக்கள் போராடியிருக்கிறார்கள். அரசு விட்டுக்கொடுக்க நேர்ந்திருக்கிறது. எங்கெல்லாம் அரசு விட்டுக்கொடுக்க மறுத்ததோ, அல்லது கொடுத்ததைத் திரும்பப் பறித்ததோ, அங்கெல்லாம் ஒற்றுமை காயம்பட்டிருக்கிறது.

மூன்று நாடுகள், மூன்று முடிவுகள்

1955, 1956 ஆகிய இரண்டு ஆண்டுகளில் தெற்காசியாவின் மூன்று நாடுகள் எடுத்த முடிவுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

1955 செப்டம்பர் 30 அன்று ஃபசல் அலி தலைமையிலான மாநிலங்கள் மறுசீரமைப்பு ஆணையம் தனது அறிக்கையை இந்திய அரசிடம் அளித்தது. ஹிருதயநாத் குன்ஸ்ருவும் கே.எம்.பணிக்கரும் அதன் மற்ற உறுப்பினர்கள். அதன் விளைவாக, 1956 நவம்பர் 1 அன்று 14 மாநிலங்களும் 6 யூனியன் பிரதேசங்களும் கொண்டதாக இந்தியாவின் வரைபடம் மாற்றி வரையப்பட்டது. பெரும்பாலான எல்லைகளைத் தீர்மானித்தது மொழி.

அந்த அறிக்கை வெளிவந்து இரண்டே வாரங்களில், 1955 அக்டோபர் 14 அன்று, பாகிஸ்தான் நேர் எதிர்த் திசையில் நடந்தது. பஞ்சாப், சிந்து, வடமேற்கு எல்லைப்புற மாகாணம், பலூசிஸ்தான் பகுதிகள் அனைத்தும் கலைக்கப்பட்டு ‘ஒரே அலகு’ என்ற பெயரில் மேற்குப் பாகிஸ்தான் ஒற்றை மாகாணமாக்கப்பட்டது. மக்கள் தொகையில் பெரும்பான்மையினரான கிழக்கு வங்க மக்களுக்குச் சமமான எடைக்கல்லாக மேற்கை நிறுத்துவதே அதன் நோக்கம். அதற்கு முன்பே, 1952 பிப்ரவரி 21 அன்று, வங்க மொழிக்காக டாக்காவில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். 1954 மாகாணத் தேர்தலில் முஸ்லிம் லீகை வீழ்த்திய ஐக்கிய முன்னணி அரசு இரண்டே மாதங்களில் கலைக்கப்பட்டிருந்தது. 1956-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் வங்க மொழிக்கு இடம் தரப்பட்டது உண்மையே. ஆனால் அதிகாரத்தில் பங்கு தரப்படவில்லை. 1970 தேர்தலில் அவாமி லீக் பெரும்பான்மை பெற்றபோதும் ஆட்சி மறுக்கப்பட்டது. 1971 டிசம்பரில் பாகிஸ்தான் இரண்டாக உடைந்தது. மதம் ஒன்றாயிருந்தும் நாடு ஒன்றாக இருக்க முடியவில்லை.

மூன்றாவது நாடு இலங்கை. 1956-இல் பண்டாரநாயக்க அரசு சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அன்று நாடாளுமன்றத்தில் அதை எதிர்த்த இடதுசாரிகளில் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா, ஒற்றை மொழித் திணிப்பு நாட்டைப் பிளவுக்கே இட்டுச்செல்லும் என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கை மெய்யானது. 1983 முதல் 2009 வரை அந்தத் தீவு போரில் எரிந்தது. இதில் இடதுசாரிகள் மறக்கக் கூடாத கசப்பான பின்குறிப்பு ஒன்றும் உண்டு. சிங்களத்தின் தனி நிலையை அரசியல் சட்டத்திலேயே பொறித்த 1972-ஆம் ஆண்டு அரசியலமைப்பை வடித்தவர் அதே கொல்வின்தான். கூட்டணி அரசின் நிர்ப்பந்தத்தில் கோட்பாட்டைக் கைவிட்டதற்கு அந்நாட்டின் உழைக்கும் வர்க்கம் முழுவதும் விலை கொடுத்தது.

கொடை அல்ல

அப்படியானால் இந்திய ஆட்சியாளர்கள் மற்ற இருவரையும்விட அறிவாளிகளாக இருந்தார்களா? வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

காங்கிரஸ் 1920 நாக்பூர் மாநாட்டிலேயே தனது மாகாணக் குழுக்களை மொழி அடிப்படையில் அமைத்துக்கொண்டது. அந்நியனை எதிர்த்து மக்களைத் திரட்ட மக்கள் மொழி தேவைப்பட்டது. அதிகாரம் கைக்கு வந்ததும் தொனி மாறியது. 1948-இல் தார் ஆணையம் மொழிவழி மாகாணங்கள் கூடாது என்றது. நேரு, படேல், பட்டாபி சீத்தாராமய்யா மூவரும் அடங்கிய குழு 1949-இல் அதைத் தள்ளிப்போடச் சொன்னது. காரணம் தெளிவு. பெருமுதலாளிகளுக்கு வேண்டியிருந்தது தடையற்ற ஒரே சந்தை. நிலப்பிரபுக்களுக்கு வேண்டியிருந்தது பழைய எல்லைகளும் பழைய மாவட்ட அதிகாரங்களும். உழவர்களின் மொழியில் இயங்கும் அரசாங்கம் இருவரின் அவசரத் தேவையாகவும் இருக்கவில்லை.

அந்த மறுப்பை உடைத்தது தெருவில் எழுந்த இயக்கம். 1952 அக்டோபர் 19 அன்று சென்னையில் உண்ணாநோன்பைத் தொடங்கிய பொட்டி ஸ்ரீராமுலு டிசம்பர் 15 அன்று உயிர்நீத்தார். ஆந்திர மாவட்டங்கள் கொந்தளித்தன. நான்கே நாட்களில் ஆந்திர மாநிலம் அமைக்கப்படும் என்று நேரு அறிவிக்க நேர்ந்தது. மகாராஷ்டிரத்தில் இன்னும் கடுமையான விலை கொடுக்கப்பட்டது. மறுசீரமைப்பு ஆணையம் பம்பாயை இருமொழி மாநிலமாகவே வைத்திருக்கப் பரிந்துரைத்தது. பம்பாயின் பஞ்சாலைத் தொழிலாளர்களும் அறிவாளிகளும் கம்யூனிஸ்டுகளும் சோஷலிஸ்டுகளும் இணைந்து நடத்திய சம்யுக்த மகாராஷ்டிர இயக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். நிதியமைச்சர் சி.டி.தேஷ்முக் பதவி விலகினார். 1960 மே 1 அன்று, உழைப்பாளர் தினத்தில், மகாராஷ்டிரமும் குஜராத்தும் பிறந்தன.

இந்த இயக்கங்களின் முன்னணியில் கம்யூனிஸ்டுகள் நின்றது தற்செயல் அல்ல. பி.சுந்தரய்யா விசாலாந்திராவுக்காகவும், இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் ஐக்கிய கேரளத்துக்காகவும் விடுதலைக்கு முன்பே எழுதினார்கள். மொழி வெறும் உணர்ச்சிப் பொருள் என்று அவர்கள் கருதவில்லை. நீதிமன்றத்தில் தன் வழக்கு எந்த மொழியில் பேசப்படுகிறது என்று தெரியாத குத்தகை விவசாயிக்கு ஜனநாயகம் வெறும் சொல்தான் என்பதை உணர்ந்திருந்தார்கள்.

மொழியும் நிலமும்

கேரளம் இதற்குச் சரியான சான்று. 1956 வரை மலையாளிகள் திருவிதாங்கூர்-கொச்சியிலும், சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்திலும் பிரிந்து கிடந்தார்கள். நிலவுடைமை முறைகள் வேறு, சட்டங்கள் வேறு, சட்டமன்றங்கள் வேறு. நவம்பர் 1 அன்று அவர்கள் ஒரே மாநிலமானார்கள். 1957 ஏப்ரலில் கம்யூனிஸ்ட் அரசு பொறுப்பேற்றது. ஒரு வாரத்திற்குள் குத்தகைதாரர்களை வெளியேற்றுவதைத் தடுக்கும் அவசரச் சட்டம் வந்தது. மொழிவழி மாநிலம் உழவனுக்கு எதைத் தர முடியும் என்பதை அந்த ஒரு வாரம் காட்டியது. அதை டெல்லியும் புரிந்துகொண்டது; அதனால்தான் 1959 ஜூலை 31 அன்று அந்த அரசு கலைக்கப்பட்டது.

தமிழ்நாட்டின் அனுபவமும் இதனோடு சேர்ந்தது. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடுவது உள்ளிட்ட கோரிக்கைகளுடன் விருதுநகரில் உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபர் 13 அன்று உயிர்நீத்தார். அந்தப் பெயருக்காக 1960-களின் தொடக்கத்தில் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் தமிழர் அல்லர். வங்கத்தைச் சேர்ந்த கம்யூனிஸ்ட் உறுப்பினர் பூபேஷ் குப்தா. ஒரு மொழியினரின் உரிமைக்கு இன்னொரு மொழியினர் குரல் கொடுப்பது எத்தகைய பிணைப்பை உருவாக்கும் என்பதற்கு அது உதாரணம். 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்து எழுந்த போராட்டத்திற்குப் பிறகு, 1967-இல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டு ஆங்கிலம் தொடர வழிசெய்யப்பட்டது. ஒரு காலத்தில் தனிநாடு கோரிய கட்சி அந்தக் கோரிக்கையைக் கைவிட்டு, தேர்தலில் வென்று ஆட்சியமைத்தது. 1969-இல் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. விட்டுக்கொடுத்ததால் ஒன்றியம் தேயவில்லை; வேர்பிடித்தது.

துப்பாக்கி தந்த பாடம்

எதிர்ப்பக்கச் சான்றுகளையும் மறைக்காமல் பார்க்க வேண்டும்.

மூங்கில் பூத்து எலிகள் பெருகி விளைந்த பஞ்சத்தில் மிசோ மலை மக்கள் பட்டினி கிடந்தபோது அரசு அசட்டையாக இருந்தது. அந்தக் கோபத்திலிருந்து எழுந்த மிசோ தேசிய முன்னணி 1966 மார்ச்சில் விடுதலைப் பிரகடனம் செய்தது. இந்திய விமானப்படை ஐஸ்வால் நகரின் மீது, தன் சொந்தக் குடிமக்கள் மீது, குண்டு வீசியது. கிராமங்கள் கொளுத்தப்பட்டு மக்கள் கட்டாயக் குடியிருப்புகளில் அடைக்கப்பட்டார்கள். இருபது ஆண்டுகள் துப்பாக்கியால் முடியாததை 1986 ஜூன் 30 அன்று கையெழுத்தான உடன்பாடு முடித்தது. தேடப்பட்டுவந்த லால்டெங்கா முதலமைச்சரானார். 1987 பிப்ரவரியில் மிசோரம் முழு மாநிலமானது. அந்த உடன்பாடு இன்றுவரை நிலைத்திருக்கிறது.

காஷ்மீரில் நடந்தது தலைகீழ். அந்த மாநில விவசாயிகளை இந்தியாவோடு பிணைத்தவை இரண்டு: ஒன்று, பெருநிலவுடைமையை ஒழித்து, இழப்பீடின்றி உழுபவனுக்கு நிலம் தந்த 1950-ஆம் ஆண்டுச் சட்டம், மற்றொன்று, அரசியல் சட்டத்தின் 370-ஆவது பிரிவு அளித்த தன்னாட்சி. ஆனால் 1953-இல் ஷேக் அப்துல்லா பதவி நீக்கப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். பின்வந்த ஆண்டுகளில் தன்னாட்சி துண்டு துண்டாக அரிக்கப்பட்டது. 1987 தேர்தலின் முறைகேடுகள் இளைஞர்களின் நம்பிக்கையை உடைத்தன. பாகிஸ்தானின் தலையீடு அந்த உடைவில்தான் நுழைய இடம் கண்டது. 2019 ஆகஸ்ட் 5 அன்று 370-ஆவது பிரிவு செயலற்றதாக்கப்பட்டு, மாநிலமே இரண்டு யூனியன் பிரதேசங்களாகக் குறைக்கப்பட்டது. இதை ஒருங்கிணைப்பு என்று ஆட்சியாளர்கள் அழைக்கிறார்கள். மக்களின் ஒப்புதல் இல்லாத ஒருங்கிணைப்பு நிலத்தை வைத்திருக்கும், மனிதர்களை வைத்திருக்காது.

மாநிலத்துக்கு உள்ளேயும்

மொழிவழி மாநிலம் எல்லா நோய்க்கும் மருந்து என்று கருதுவதும் பிழை. பெரும்பான்மை மொழியினரின் கையில் மாநில அதிகாரம் வந்தபின், அங்குள்ள சிறுபான்மையினரை அது நசுக்கவும் கூடும். 1961 மே 19 அன்று அசாமின் சில்சார் நகரில் வங்க மொழியின் உரிமை கேட்டுத் திரண்டவர்களில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பம்பாயில், மராத்தி உழைப்பாளர்களின் ரத்தத்தால் பெறப்பட்ட மாநிலத்தில், 1966-இல் தோன்றிய சிவசேனை தென்னிந்தியத் தொழிலாளர்களைத் தாக்கியது. செங்கொடிச் சங்கங்களை உடைக்க முதலாளிகளுக்கு அது பயன்பட்டது. கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாய் 1970 ஜூனில் படுகொலை செய்யப்பட்டார். மொழி உரிமை இயக்கத்தின் தலைமை உழைக்கும் மக்களிடமிருந்து கைநழுவினால், அது யார் கைக்குப் போகும் என்பதை பம்பாய் காட்டியது.

திரிபுரா மாற்று வழியைக் காட்டியது. தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் பெருமளவில் வந்ததால், அங்கே பழங்குடி மக்கள் தங்கள் சொந்த மண்ணிலேயே சிறுபான்மையினரானார்கள். இரு தரப்பு ஏழைகளும் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளத் தேவையான எல்லாச் சூழலும் இருந்தது. 1980 ஜூனில் கொடிய கலவரமும் நடந்தது. 1978-இல் ஆட்சிக்கு வந்திருந்த இடது முன்னணி அரசு, கொக்பொரொக் மொழிக்கு ஆட்சிமொழித் தகுதி அளித்தது. மாநிலப் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை உள்ளடக்கிய பழங்குடிப் பகுதித் தன்னாட்சி மாவட்டக் குழுவை அமைத்தது. பழங்குடி மக்களிடையே எழுத்தறிவு இயக்கம் நடத்தி வளர்ந்த தசரத் தேவ் 1993-இல் முதலமைச்சரானார். 2015-இல் மாணிக் சர்க்கார் அரசு, ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டமே இனி மாநிலத்துக்குத் தேவையில்லை என்று அதை விலக்கியது. பெரும்பான்மை வங்காளிகளின் வாக்குகளையும் சார்ந்திருந்த ஓர் அரசு, சிறுபான்மைப் பழங்குடிகளுக்காக அதிகாரத்தைப் பகிர்ந்தது. அதற்காகப் பல தோழர்கள் தீவிரவாதிகளின் குண்டுகளுக்கு இரையானார்கள். 2023 மே 3 முதல் மணிப்பூர் பற்றி எரிந்ததைக் கண்டவர்கள், திரிபுராவின் அந்த அனுபவத்தின் மதிப்பை உணர முடியும்.

‘ஒரே’ என்ற சொல்

இன்று ஆட்சியாளர்களின் ஒவ்வொரு முழக்கமும் ‘ஒரே’ என்ற சொல்லோடு தொடங்குகிறது. ஒரே நாடு, ஒரே வரி, ஒரே தேர்தல். 1955-இல் பாகிஸ்தான் தேர்ந்தெடுத்த சொல்லும் அதுதான்.

ஜி.எஸ்.டி. மன்றத்தின் அமைப்பைப் பாருங்கள். முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வாக்கு மதிப்பு வேண்டும். மத்திய அரசின் வாக்கு மதிப்பு மூன்றில் ஒரு பங்கு. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. அதாவது நாட்டின் எல்லா மாநிலங்களும் ஒன்றுசேர்ந்து கோரினாலும், டெல்லி விரும்பாத எதுவும் நிறைவேறாது. மத்திய அரசு விதிக்கும் செஸ், சர்சார்ஜ் வருவாயில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. ஆகவே வரியை அந்த வடிவில் உயர்த்துவது டெல்லிக்கு வசதியாக இருக்கிறது. பள்ளியும் மருத்துவமனையும் பாசனமும் நடத்த வேண்டியவை மாநிலங்கள். பணப்பெட்டியின் சாவி இருப்பது வேறு இடத்தில்.

இந்த மையப்படுத்தல் யாருக்குத் தேவை? நாடு முழுவதையும் ஒரே கையெழுத்தில் பெற விரும்பும் பெருங்குழுமங்களுக்குத் தேவை. ஒற்றை மதப் பண்பாட்டை நாட்டின் இலக்கணமாக்க விரும்பும் சங் பரிவாரத்துக்கும் தேவை. இரண்டு தேவைகளும் இன்று ஒரே ஆட்சியில் கைகோத்திருக்கின்றன. எனவே கூட்டாட்சிக்கான போராட்டமும் மதச்சார்பின்மைக்கான போராட்டமும் கூலிக்கும் நிலத்துக்குமான போராட்டமும் தனித்தனிப் பாதைகள் அல்ல. அரசியலில் சமத்துவம், வாழ்க்கையில் ஏற்றத்தாழ்வு என்ற முரண்பாடு நீடித்தால் ஜனநாயகமே தகர்ந்துபோகும் என்று 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்ததும் இதைத்தான்.

இந்த இணைப்பு நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதை 2020-21 விவசாயிகள் போராட்டம் காட்டியது. வேளாண்மை மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். அதன் மீது மூன்று சட்டங்களை மத்திய அரசு திணித்தது. ஆற்றுநீருக்காகப் பல்லாண்டுகளாக மோதிவந்த பஞ்சாப் மாநிலத்தவரும் ஹரியானா மாநிலத்தவரும் டெல்லி எல்லையில் ஒரே சமையற்கூடத்தில் உண்டார்கள். 2013-இல் மதக்கலவரத்தில் ரத்தம் சிந்திய முசாபர்நகரில், 2021 செப்டம்பர் 5 அன்று இந்துக்களும் முஸ்லிம்களுமாக விவசாயிகள் பெருந்திரளாகக் கூடினார்கள். விவசாய அமைப்புகளின் கணக்குப்படி 700-க்கும் மேற்பட்டோர் அந்தப் போராட்டக் காலத்தில் உயிரிழந்தார்கள். 2021 நவம்பர் 19 அன்று சட்டங்கள் திரும்பப் பெறப்படும் என்று பிரதமர் அறிவிக்க நேர்ந்தது. எந்த ஒற்றுமை மாநாடும் இணைக்காதவர்களை ஓராண்டுப் போராட்டம் இணைத்தது.

தோழர்களே, இந்தியா இதுவரை நிலைத்திருப்பதால் இனிமேலும் தானாகவே நிலைத்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பாகிஸ்தான் உடைந்ததும் இலங்கை எரிந்ததும் இந்தியாவுக்கு நேர முடியாத விதிகள் அல்ல. அவை ஆட்சியாளர்கள் எடுத்த முடிவுகளின் விளைவுகள். அத்தகைய முடிவுகள் இங்கே எடுக்கப்பட்டபோதெல்லாம் தடுத்து நிறுத்தியது மக்கள் இயக்கம். இந்த வகுப்பிலிருந்து கிளைகளுக்குத் திரும்பும் ஒவ்வொரு தோழரின் பகுதியிலும் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தொழிலாளர்கள் கட்டுமானத் தளங்களிலும் பின்னலாடை ஆலைகளிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய வதந்திகளும் வெறுப்பும் பரவும்போது முதலில் எழ வேண்டிய குரல் செங்கொடிச் சங்கத்தின் குரல். தமிழ்நாட்டின் பெயருக்காக மாநிலங்களவையில் ஒரு வங்காளி எழுந்து நின்றார். அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்தும் இடம் அந்தத் தொழிலாளர்களின் குடியிருப்பு வாசல்தான்.